பன்னெண்டு ஜோடி சாக்ஸ்

...நீங்களும் ரெண்டையும் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்காதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒண்ணு பளிச்சுன்னு இருக்கு, ஒண்ணு மங்கலா இருக்கு, அதானே? தெரியும். சலவைக்கடை நடத்துறவளுக்கு இது தெரியாதா? ஷூவுக்குள்ள போறதுதானே சார், உள்ள பூந்து யாரு பாக்கப் போறா... இருங்க, உங்க ரசீத தேடணும். அதுக்குள்ள ஏன் இப்படின்னு சொல்லிடுறேன். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும்.

எல்லாம் எங்க வீட்டுக்காரரால. மனுஷன் சொந்தமா சலவைத்தூள் கலக்குறாரு. எங்க கலக்குறாரு? எங்க படுக்கையறையில. கட்டில் கெடந்த எடத்துல இப்ப மூணு டிரம் நிக்குது. ஆறு மாசமா நான் இந்த இஸ்திரி மேஜைக்கு அடியில படுக்குறேன் சார். எந்திரிக்கும்போதெல்லாம் மண்டை இடிக்குது. இங்க பாருங்க, வீக்கம்... சரி, பாக்க வேண்டாம்.

என் நாத்தனார் பொண்ணு காலேஜ்ல புள்ளியியல் படிக்குது. அது வந்து பஞ்சாயத்து பண்ணுச்சு. "சண்டை எதுக்கு அத்தை, டெஸ்ட் வச்சுப் பாத்துடலாம். மாமா தூள் கடைத்தூள விட நல்லா வெளுத்தா டிரம் இருக்கட்டும். இல்லன்னா டிரம் வெளியில, கட்டில் உள்ள"ன்னுச்சு. நானும் தலைய ஆட்டித் தொலைச்சேன்.

உங்க தொழிற்சாலையில எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளை சாக்ஸ்தானே? அதுல பன்னெண்டு பேரோடத எடுத்தோம். ஒரு கால் சாக்ஸ் சிவப்பு பக்கெட்டு, அவரு தூள். மறு கால் சாக்ஸ் நீல பக்கெட்டு, கடைத்தூள். உங்களக் கேக்கலையா? கேட்டிருக்கணும். தப்புதான், விடுங்க. காஞ்சதும் காலேஜ்லேர்ந்து ஒரு மீட்டர் கொண்டாந்துச்சு. சாக்ஸ் மேல வச்சா வெண்மைக்கு நூத்துக்கு இவ்வளவுன்னு மார்க் போடும். நீங்க ஸ்டோர்ல உக்காந்து பாக்குற வேலை, எழுபத்தெட்டு வந்துச்சு. பெயின்ட் அடிக்கிறாரே, அவருக்கு நாப்பது தேறல.

அங்கதான் சார் விஷயமே. "ஒரே ஆளோட ரெண்டு கால், அதனால ஜோடி டி டெஸ்ட்தான் போடணும் அத்தை. பெயின்ட்காரரு ஒரு கால் மார்க்க அவரோட மறு கால் மார்க்குலேர்ந்துதான் கழிக்கணும். அப்ப யாரு அழுக்கு, யாரு சுத்தம்ங்கற பேச்சே அடிபட்டுப் போயிடும். வேற வேற ஆளுன்னாதான் தனித்தனி டெஸ்ட்"னு சொல்லுச்சு. அப்புறம் ஒத்த வாலா ரெட்ட வாலான்னு முன்னாடியே முடிவு பண்ணணுமாம். நல்லா வெளுக்குதான்னு மட்டும் பாத்தா ஒத்த வால். மோசமாவும் போகலாமேன்னு ரெண்டு பக்கமும் பாத்தா ரெட்ட வால். இந்த வீட்ல ரெட்ட வால் உங்க மாமாதான், அதையே போடுன்னு சொல்லிட்டேன்.

நடுவுல ஒரு சின்ன சமாச்சாரம் நடந்து போச்சு. ஒவ்வொரு மார்க்கையும் ஒரு சீட்டுல எழுதி, மூலையில ஜோடி நம்பர் போட்டு வச்சிருந்துச்சு அந்தப் பொண்ணு. அந்த மூலையெல்லாம் எப்படியோ காணாமப் போச்சு. எப்படியோ. அதுக்குள்ள மீட்டரும் காலேஜுக்குத் திரும்பிடுச்சு, சாக்ஸையெல்லாம் நானும் மடிச்சுக் கட்டிட்டேன். எந்தச் சீட்டு எந்த பக்கெட்டுன்னு தெரியுது, எது எதோட ஜோடின்னு தெரியல. வேற வழியில்லாம தனித்தனி டெஸ்ட்ட போட்டுச்சு.

சராசரியில அவரு தூள் ஆறு மார்க் ஜாஸ்தி. ஆனா தொண்ணூத்தஞ்சு சதவீத நம்பிக்கை இடைவெளின்னு ஒண்ணு இருக்காம்ல, அது மைனஸ் ஆறுலேர்ந்து பதினெட்டு வரைக்கும் காலை நீட்டிப் படுத்திருக்கு. நடுவுல பூஜ்யம். தொண்ணூத்தஞ்சு சதவீதம்னா என்னடின்னு கேட்டேன். "இதே மாதிரி நூறு தடவ தொவைச்சு நூறு இடைவெளி போட்டா, சுமாரா தொண்ணூத்தஞ்சுல உண்மையான வித்தியாசம் மாட்டிக்கும்"ங்குது. நூறு தடவ யாரு சார் தொவைக்கிறது? நான்தானே?

இருந்தாலும் பூஜ்யம் உள்ள இருக்குல்ல, ஜெயிச்சாச்சுன்னு நான் கட்டிலத் தொடைச்சே வச்சுட்டேன். அந்தப் பொண்ணு பொறுமையா சொல்லுது, "வித்தியாசம் இல்லன்னு அர்த்தமில்ல அத்தை. இருக்கா இல்லையான்னு இத வச்சு சொல்ல முடியலன்னுதான் அர்த்தம்." இவரு அதக் கேட்டுட்டு, "அப்ப இன்னும் நெறைய தொவைப்போம்"ன்னு இன்னும் ரெண்டு டிரம்முக்குச் சொல்லிட்டாரு. நாளைக்கு வருது. எங்க வைக்கப் போறாருன்னு நெனைக்கிறீங்க? இந்த இஸ்திரி மேஜை இருக்கற எடத்துல.

...ஏன் அப்படிப் பாக்குறீங்க? சரி சார், உங்ககிட்ட மறைப்பானேன். மூலைய நான்தான் வெட்டுனேன். அந்தப் பொண்ணு காபி குடிக்கப் போன நேரத்துல சீட்ட ஜோடி ஜோடியா அடுக்கிப் பாத்தேன். பன்னெண்டுலயும் அவரு தூள்ல போட்ட சாக்ஸ்தான் மேல. அஞ்சு, ஆறு, ஏழு மார்க்குன்னு, ஒண்ணு தவறல. ஜோடி டெஸ்ட் போட்டிருந்தா அந்த இடைவெளி பூஜ்யத்துப் பக்கமே எட்டிப் பாத்திருக்காது. கட்டில் போச்சேன்னு வயிறு எரிஞ்சுது, கத்திரிக்கோல எடுத்துட்டேன். இப்ப உண்மையச் சொன்னா மூணு டிரம் நிரந்தரம். சொல்லலன்னா அஞ்சு டிரம். நானே எனக்கு வச்சுக்கிட்ட ஆப்பு சார் இது.

என்னது? இனிமே உங்களோடத எல்லாம் அந்தப் பளிச்சுன்னு இருக்கற தூள்லயே போடணுமா? மெதுவா சார், மெதுவா. எங்க வீட்டுக்காரரு உள்ளதான் இருக்காரு. காலையிலேர்ந்து வர்ற ஒவ்வொருத்தரும் இதேதான்... வெளிச்சத்துல பிடிக்கிறது, ரெண்டையும் பாக்குறது, இந்தத் தூள்லயே போடுங்கன்னு சொல்றது...

ஒண்ணுமில்லீங்க. சார் சட்டை பட்டனப் பத்திக் கேக்குறாரு.

என்ன? உங்க தூள கேட்டவங்க இவரோட சேத்து பன்னெண்டா?

...உள்ள உக்காந்து எண்ணிக்கிட்டா இருந்தீங்க?

சார், கெளம்பாதீங்க சார், ரசீது... போயிட்டாரு.

ஏங்க... அப்ப அந்தக் கத்திரிக்கோல் விஷயமும் காதுல விழுந்துச்சா?