மாடத்துப் பூட்டை உடைக்கச் சொன்னது யார்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவற்றைப் போலீஸ் அதிகாரி கேட்டு மேலே எழுதிக்கொண்டார். வயது நாற்பத்தொன்று. மேற்படி முகவரியில் கணவர், மகனுடன் குடியிருந்து வருகிறேன். கட்டட நிறுவனம் ஒன்றில் திட்ட மேலாளராக இருக்கிறேன். பள்ளிக்கூடத்தின் புதிய கலையரங்கத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து அந்த வேலை என் பொறுப்பில் நடந்தது. அரங்கத் திறப்பு விழாவில் நடந்த விபத்தின்போது நான் அங்கே இருந்தேன். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

காயம்பட்டு ஆஸ்பத்திரியில் இருப்பவர் அந்தப் பள்ளியின் நிர்வாக அலுவலர். பள்ளியின் சார்பில் கட்டட வேலையைக் கவனித்தவர் அவர்தான். டார்ச் விளக்கோடு வந்து மூலை முடுக்கெல்லாம் அடித்துப் பார்ப்பார் என்பதால் வேலையாட்கள் அவருக்கு டார்ச்சம்மா என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வேலை தொடங்கிய புதிதில், "உங்க ஆளுங்க சுவத்துல பூசுறத விட என் கண்ணுலதான் நல்லா பூசுறாங்க" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாக இருந்ததால் அந்தச் சுவரை இடித்துக் கட்டச் சொன்னேன். அதன் பிறகு எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது. என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, கூப்பிடாமலே வந்து, ஆபரேஷன் அறை வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. ஆனால் கூட்டங்களில் மேடம் என்றே கூப்பிடுவேன். அவரும் அங்கே என்னை 'நீங்க' என்பார், வாசலைத் தாண்டியதும் 'நீ' என்பார். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

அரங்கின் பின்பக்கம், மேலே, பார்வையாளர் மாடம் ஒன்று உண்டு. அதன் முன்புறக் கம்பித் தடுப்பைச் சோதித்தபோது வெல்டிங் பல இடங்களில் விட்டுப்போயிருந்தது. முழுவதையும் மாற்ற வேண்டும் என்று முடிவுசெய்து படிக்கட்டுக் கதவைப் பூட்டினேன். திறப்பு விழாவுக்குள் புதுத் தடுப்பு வந்துசேர வழியில்லை. ஆனால் மாடம் தயாராகிவிடும் என்று அக்கா பள்ளி நிர்வாகக் குழுத் தலைவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதன் பிறகு, குழுக் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றபடியே பேசினார்.

"மாடம் தயார்னு நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லிடேன். தடுப்புப் பக்கம் யாரும் போகாம நான் பாத்துக்கறேன். மேடமா கேக்கல, அக்காவா கேக்குறேன்."

"அக்காவா கேட்டா அக்காவுக்கே சொல்றேன். உங்க பொண்ண மேல உக்கார வச்சிட்டு நீங்க கீழ நிம்மதியா இருப்பீங்களா? நாளைக்குக் கேட்டா தயார் இல்லன்னுதான் சொல்வேன். இப்பவே உங்களுக்குத் தெரியட்டும்."

போட்ட டீ அப்படியே இருக்க, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கூட்டத்தில் தலைவர் கேட்டார். மாடத்தில் ஆள் ஏறினால் உயிருக்கு ஆபத்து என்று சொன்னேன். அதன் பிறகு தலைவர் எல்லார் முன்பும் அக்காவிடம், "அப்ப நீங்க இவ்வளவு நாளா என்னத்த பாத்தீங்க?" என்றார். கூட்டம் முடிந்து வாசலைத் தாண்டிய பிறகும் அக்கா என்னை 'நீங்க' என்றுதான் பேசினார். "உங்க வேலைய நீங்க பாத்தீங்க. ரொம்ப சரி." அதன் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை.

விழா அன்று கீழே இடம் போதவில்லை. படிக்கட்டுக் கதவருகில் நான் நின்றுகொண்டிருந்தேன். தலைவர் காவலாளியோடு வந்து சாவி கேட்டார். மறுத்தேன். அப்போது அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கதவை மறைத்து நின்றார். "ஐயா, மேடம் சொன்னதுதான் சரி. நான்தான் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துட்டேன். யாரும் மேல போக வேண்டாம்" என்றார். அதற்குத் தலைவர் காவலாளியைப் பார்த்து, "பூட்ட உடைப்பா. எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்றார். காவலாளி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு இரும்புக் கம்பியால் நெம்பி உடைத்தார். ஜனங்கள் எங்களைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள்.

"நீ போய் மைக்கப் பிடி, நான் மேல போறேன்" என்று அக்கா என்னிடம் சொன்னார். 'நீ' என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. நான் மேடைக்கு ஓடி, மாடத்தில் இருப்பவர்கள் இறங்க வேண்டும், மாடத்துக்கு நேர் கீழே இருப்பவர்கள் விலக வேண்டும் என்று திரும்பத் திரும்ப அறிவித்தேன். மேடையிலிருந்து மாடம் நன்றாகத் தெரியும். அக்கா தடுப்புக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்று ஆட்களைப் பின்னுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். அப்போது ஒரு பெண் கைக்குழந்தையோடு கீழே எட்டிப் பார்க்க வந்தார். அக்கா அவரைப் பின்னால் தள்ளினார். தள்ளிய வேகத்தில் அக்காவின் முதுகு தடுப்பில் மோதியது. தடுப்பு பெயர்ந்து அவரோடு விழுந்தது. கீழே ஆட்கள் விலகியிருந்ததால் வேறு யாருக்கும் அடிபடவில்லை.

பூட்டை உடைக்கச் சொன்னது அக்காதான் என்று தலைவர் புகார் எழுதிக் கொடுத்திருப்பதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். அது பொய். இங்கே வருவதற்கு முன் என் மேலதிகாரி, "அந்தப் பள்ளிக்கூடத்து வேலை இன்னும் நமக்கு வேணும்மா. மேடையில இருந்தேன், கதவுகிட்ட நடந்தது தெரியாதுன்னு சொல்லிடு" என்றார். "கதவுகிட்ட நின்னதே நான்தான் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காயம்பட்டவர் தோழி என்பதால் இப்படிச் சொல்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்பெலும்பும் காலும் உடைந்து படுத்திருந்த அக்கா, என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மகள் என்னை வெளியே கூட்டிவந்து, "கூட்டத்துல நடந்தது அம்மாவுக்கு இன்னும் ஆறல. கொஞ்ச நாள் ஆகட்டும் சித்தி" என்றாள். ஆகவே அவர் இப்போது என் தோழியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தோழியாக இருந்தபோது அவருக்கு எதிராகக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னேன். இன்று அவருக்காகச் சொல்வதும் அதே உண்மைதான்.

இதில் எழுதியிருப்பதை நானே வாசித்துப் பார்த்தேன். யார் தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் நான் சொன்னபடியே இருக்கிறது. அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)