கடைசிப் பத்து நிமிடம்

அண்ணி, எனக்கு இரைச்சல் ஆகாது. படங்களைச் சேர்த்து வைக்க வீட்டுக்கு ஒரு சர்வர் வாங்கும்போது, ஃபேன் கத்தாத பெட்டியாக இருக்கட்டும் என்று சொன்னவன் நான்தான். என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாம் பார்த்துக்கொண்டதில்லை. உங்கள் வீட்டுக்காரர், வெல்டர் அண்ணன், தங்கியிருக்கும் வீட்டில் மூன்றாவது அறை என்னுடையது. நடந்ததை என் கைப்பட எழுத வேண்டும், அதைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது இரண்டாவது அறை சமையல்கார மாமாவின் தீர்ப்பு. எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று உள்ளங்கை அகலம். பொத்தானை அமுக்கினால் படமும் பாட்டும் அவரவர் போனுக்கு வந்துவிடும். இன்னொன்று ஏதோ ஆபீஸில் ஓய்வு பெற்ற கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் நாமேதான் அமைக்க வேண்டும். ஃபேன் சத்தமும் குறைவு, நாலு ஹார்ட் டிஸ்க்கும் போடலாம் என்று சொல்லி அதைத்தான் வாங்க வைத்தேன். பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும் இருக்கும் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அதுவரை கூடத்தில் ஒரே டிவி. மூன்று பேரும் ஒரே சோபாவில் இடித்துக்கொண்டு பார்ப்போம். சர்வர் வந்ததும் ஆளுக்கொரு அறை, காதில் ஹெட்போன், கதவு சாத்தியாகிவிட்டது. சோபாவில் நான் தாராளமாகக் கால் நீட்ட முடிந்தது.

பிறகு ஒவ்வொரு படத்திலும் கடைசிப் பத்து நிமிடத்தை வெட்டினேன்.

முதல் நாளே அண்ணன் கதவைத் தட்டினார்.

"டேய் தம்பி, அவன் பாலத்துல தொங்கிட்டிருக்கான், படம் பொசுக்குன்னு நின்னுபோச்சு. விழுந்தானா இல்லையாடா?"

"ஃபைல் கெட்டுப்போச்சுண்ணே. நான் பார்த்த படம்தான். உட்காருங்க, சொல்றேன்."

நான் பார்த்ததில்லை. ஆனால் அண்ணனுக்குச் சாவு ஆகாது என்று தெரியும், ஒருவரையும் சாகவிடவில்லை. மாமாவுக்கு வில்லன் மூக்கு உடைய வேண்டும், உடைத்தேன். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். பத்து நிமிட முடிவு என் வாயில் முக்கால் மணி நேரம் ஓடும்.

அந்தத் தபால்காரர் படத்தில், அவரையும் டீச்சரையும் சேர்த்து வைத்து, இரட்டைக் குழந்தையும் கொடுத்தேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் போனில் உங்களிடம் சொல்லிவிட்டார். நீங்கள் பார்த்த படம் என்று யார் கண்டார்கள்? நீங்கள் கேட்டது என் அறைவரை கேட்டது.

"அந்த ஆள்தான் வெள்ளத்துல போயிட்டாரே! படம் பார்த்தேன் பார்த்தேன்னு சொல்லிட்டு யார் மடியில தூங்கிட்டிருந்தீங்க?"

ஐந்து நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை. அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவர் யார் மடியிலும் தூங்கவில்லை, அண்ணி. வெட்டியது நான். முடிவு கட்டியதும் நான்.

உள்ளங்கைப் பெட்டியை நேற்று வாங்கிவிட்டார்கள். அதன் பாஸ்வேர்ட் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். வெட்டி வைத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு முடிவுகளையும் கொடுத்துவிட்டேன். ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. தனியாக உட்கார்ந்து படம் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை.

அண்ணனிடம் பேசுங்கள். பேசி முடித்ததும், அந்த டீச்சர் பிறகு என்ன ஆனாள் என்பதையும் சொல்லி, என் அறைக்கு அனுப்பி வையுங்கள். டீ நானே போடுகிறேன். எனக்காகக் கேட்கவில்லை, பாவம், அவருக்கு ஒரு பேச்சுத் துணை வேண்டும்.