மருதமரத்துக் காப்பு

"மரத்துக்குக் கை ஏது..." என்று ஆரம்பிப்பார் எங்க சின்னழகுப் பெரியப்பா. நடுவில் வேரைப் பற்றி என்னமோ ஒன்று வரும். அது எனக்கு மறந்துபோச்சு. "...அதுக்கு ஒரு கை வேணுமில்ல" என்று முடிப்பார். இத்தனை வருஷம் வெளியூரில் கிடந்துவிட்டு வந்த பிறகும் அந்த நடுப்பேச்சு ஞாபகத்துக்கு வரவில்லை. கதை மட்டும் முழுசாக இருக்கிறது. தேர் இந்தத் திருப்பத்துக்கு வர இன்னும் நேரமிருக்கு. நிழலில் உட்காருங்க, சொல்றேன். தலையில் துண்டைப் போட்டுக்குங்க, மேலே நாரை இருக்கு.

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்தக் கண்மாய்க்குக் கல்லுமடை கட்டாத காலத்தில், இதே கீழமருதங்குடியில் மாயழகு என்று ஒருத்தர் இருந்தாராம். தேருக்குக் கட்டை போடுகிறவர். வடம் பிடித்து இழுக்கிறது ஊரே இழுக்கும். ஆனால் தேர் எங்கே திரும்பணும், எங்கே நிக்கணும் என்பதெல்லாம் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்கிற அந்த ஒருத்தர் கையில். குனிந்தே நடந்து நடந்து, ஊர்க்காரர் முகத்தைவிடக் காலைத்தான் அவருக்கு நல்லாத் தெரியுமாம். பேரைச் சொன்னால் புரியாதாம். "யாரு, குதிகால் வெடிச்சவனா?" என்று கேட்பாராம்.

இன்னொன்றும் சொல்வாங்க. அவருக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. "இந்த மனுசனுக்கு வாய்க்கரிசி போட்டா முழிக்க மாட்டாரு, நெத்திலியைப் போட்டா எந்திரிச்சு உக்காந்துருவாரு" என்பாளாம் அவர் பெண்டாட்டி பொன்னாத்தா.

இதோ, இந்த மருதமரம். எங்க மருதவல்லி அம்மன் இதன் தூரில்தான் கிடைத்தாள் என்று சொல்வாங்க. அதனால் இது அவளுக்குத் தாய்வீடு. தேர் வருகிற பங்குனியில் பார்த்தால் இலை தெரியாது, நாரைதான் தெரியும். நத்தைகுத்தி நாரை. கிளைக்குக் கிளை கூடு, கூட்டுக்குக் கூடு குஞ்சு.

ஒரு வருஷம், பக்கத்து மேலப்பட்டிக்காரர்கள் தங்கள் தேருக்கு ஓர் அடுக்கு கூட்டிவிட்டார்களாம். எங்க ஊர்த் தலைவர் அம்பலக்காரர் ராக்கப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"அவன் ஒன்னு ஏத்துனா நாம ரெண்டு ஏத்துவோம்" என்றாராம்.

"ஏத்தலாம் அம்பலம். மருதமரத்துப் பெரிய கிளை இடிக்குமே" என்றாராம் தச்சர்.

"கிளைதானப்பா. வெட்டு."

கூட்டத்தில் மாயழகு எழுந்தாராம். "அம்பலம், அந்தக் கிளையில முப்பது கூடு இருக்கு. குஞ்சுக்கு இன்னும் றெக்கை மொளைக்கல."

"நாரைக்கு வேற மரமா இல்ல?"

"அம்மாவுக்கு வேற தாய்வீடு இருக்கா? மகளைச் சோடிச்சுக் கூட்டிட்டுப் போறோம். வாசல்ல வச்சு அவ ஆத்தா கையை வெட்டிப்பிட்டு, உள்ள வா தாயின்னா, எந்த மக வருவா?"

பெண்கள் பக்கம் 'அதானே' என்று ஒரு சத்தம் வந்ததாம். அம்பலக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "நீ கீழ கட்டையைப் பாரு மாயழகு. மேல இருக்கறதை நாங்க பாத்துக்கறோம்" என்று முடித்துவிட்டார். வரும் செவ்வாய் காலையில் கிளையை வெட்டுவது, சாயங்காலம் ஊருக்குக் காப்புக் கட்டுவது. அதில் ஒரு கணக்கு இருக்கு. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை எட்டு நாள் ஊருக்குள் கறி, மீன் கிடையாது, பச்சை மரத்தில் கோடாலி படக் கூடாது. அதனால்தான் காலையிலேயே வெட்டிவிடணும் என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மாயழகு இந்த மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாராம். உள்ளே தண்ணி ஏறுகிற சத்தம் கேட்டது என்று பின்னால் சொன்னாராம். "நாரை கத்துற கத்துல இடி விழுந்தாலே கேக்காது, இவருக்குத் தண்ணி ஏறுறது கேட்டுச்சாம்" என்று பொன்னாத்தா சொன்னாளாம். சொன்னவள்தான் மறுநாள் விடியக்காலம் மஞ்சளை அரைத்து நூலில் தடவிக் கொடுத்தாளாம்.

செவ்வாய் காலையில் கோடாலியோடு ரெண்டு பேர் வந்தார்கள். பார்த்தால், மரத்தைச் சுற்றி மஞ்சள் நூல். நூலில் மஞ்சள் கிழங்கு, வேப்பிலை. மரம் காப்புக் கட்டி நிற்கிறது. கோடாலியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம் ரெண்டு பேரும்.

அம்பலக்காரர் ஓடிவந்தார். "எவன்டா கட்டுனது?"

"நாந்தான் அம்பலம்."

"மரத்துக்கு எவனாச்சும் காப்புக் கட்டுவானா? அவுருடா."

"நீங்க அவுருங்க."

அம்பலக்காரர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாராம். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவங்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாங்க. ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றதாம்.

கடைசியில் சோணைமுத்துப் பூசாரியைக் கூட்டிவந்தார்கள். பூசாரி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மாயழகையும் ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் சொன்னாராம்:

"கட்டுன காப்பை நடுவுல அவுக்கறதுக்கில்ல. ஆனா மரம் எப்படி வெரதம் இருக்கும்? அதுக்கு ஒரு கை வேணும். கட்டுனவன் கையில இன்னொன்னு கட்டுவோம். இவன் கையில காப்பு இருக்கிற வரைக்கும் யாரும் மரத்தைத் தொடக் கூடாது. இவன் அவுத்தா மரமும் அவுத்த மாதிரி."

அம்பலக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு, இவனா? கருவாடு திங்காம எட்டு நாளு? கோடாலியைத் தீட்டி வைங்கப்பா, மத்தியானச் சோத்துக்கே அவுத்துருவான், ஊர்க் காப்புக்கு முந்தி வேலை இருக்கு."

மத்தியானம் அவர் அவிழ்க்கவில்லை, சாயங்காலம் ஊருக்கும் காப்புக் கட்டியாச்சு. மூணாம் நாள் மேலப்பட்டிப் பக்கமிருந்து காற்றடித்ததாம். அந்த ஊரில் காப்பு இல்லை. யார் வீட்டிலோ வாளைக் கருவாடு வறுக்கிற வாசம். மாயழகு எழுந்து மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தாராம். காற்றும் சுற்றி வந்ததாம். மூக்கில் வேப்பிலையைச் சொருகிக்கொண்டு இருந்தாராம் மனுஷன்.

எட்டாம் நாள் தேர் கிளம்பியது. ரெண்டு அடுக்கு கூடுதல். மேலப்பட்டிக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்து நிற்கிறார்கள். தேர் இந்தத் திருப்பத்துக்கு வந்ததும், மாயழகு குனிந்து ஒரு கட்டை வைத்தார். தேர் நின்றது. வடம் தொய்ந்தது.

"கிளை இடிக்கும் அம்பலம்."

மரத்தைத் தொட முடியாது. தேரைத் திருப்பவும் முடியாது. அம்பலக்காரர் அண்ணாந்து பார்த்தார். மேலேயிருந்து நாரை ஒன்று அவர் தலைப்பாகையில் வெள்ளையாக ஒரு பொட்டு வைத்ததாம்.

"ரெண்டு அடுக்கையும் கழட்டுங்க" என்றாராம் அம்பலக்காரர்.

தச்சர் ஏறிக் கழற்றினார். தேர் கிளைக்கு அடியில் குனிந்த மாதிரி போனது. இலை அம்மன் தலையைத் தடவியதாம், ஆத்தா மகள் தலையைத் தடவுகிற மாதிரி. பெண்கள் குலவை போட, குஞ்செல்லாம் கூடச் சேர்ந்து கத்தியதாம்.

"மொட்டைத் தேரு, மொட்டைத் தேரு" என்று மேலப்பட்டிக்காரர்கள் கேலி பண்ணினார்கள்.

"ஆத்தா வீட்டுக்குப் போறவ கிரீடம் வச்சுக்கிட்டாய்யா போவா?" என்று ஒரு கிழவி கேட்க, அம்பலக்காரரே சிரித்துவிட்டாராம். ஆனாலும் விடவில்லை. மாயழகு காதில் சொன்னாராம்: "இந்த வருசம் உன் ஆட்டம்டா. சாயங்காலம் காப்பு அவுப்பேல்ல? அவுத்த கையோட கிளையை எடுக்கறேன். அடுத்த வருசம் மூணு அடுக்கு."

இன்றைக்கும் எங்க தேர் மேலடுக்கு இல்லாமல்தான் வரும். மொட்டைத் தேர் என்று நாங்களே பெருமையாகச் சொல்லுவோம். இந்த இடத்துக்குக் காப்புத் திருப்பம் என்று பேர். ஊரில் ஒருத்தர் மரத்துக்காக ஒரு வருஷம் முழுக்கக் காப்பு கட்டியிருப்பார். தேரன்றைக்கு இதே இடத்தில் அடுத்தவர் கையில் கட்டிய பிறகுதான் அவர் அவிழ்ப்பார். மாயழகு காலத்திலிருந்து மரம் ஒரு நாள்கூடக் காப்பில்லாமல் இருந்ததில்லை. இந்த வருஷம் கட்டப் போகிறது டீக்கடை வள்ளிமயில். ஒரு மாசமாக ஆம்லேட்டாகத் தின்றுகொண்டிருக்கிறது.

சரி, அன்றைக்குச் சாயங்காலத்துக்கு வாங்க. தேர் நிலைக்கு வந்தாச்சு. ஊர்க்காரர்கள் ஒவ்வொருத்தராகக் காப்பை அவிழ்த்துக் கண்மாயில் விட்டார்கள். வீட்டுக்கு வீடு அடுப்புப் புகைகிறது. பொன்னாத்தா வாளைக் கருவாட்டுக் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு வாசலில் நிற்கிறாள். மரத்தடியில் கோடாலியோடு ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் அவிழ்த்தாச்சு, மிச்சம் மாயழகு ஒருத்தர்தான்.

"கையை நீட்டுப்பா" என்றார் பூசாரி.

மாயழகு கையை நீட்டினாராம். குழம்பு வாசம் வந்ததாம். மரத்தில் ஒரு தாய் நாரை குஞ்சுக்கு நத்தை ஊட்டிக்கொண்டிருந்ததாம்.

"இந்தாங்க, குழம்பு ஆறுது" என்றாளாம் பொன்னாத்தா.

"நீ சாப்பிடு புள்ள" என்று சொல்லி, மாயழகு நீட்டின கையை மடக்கிக்கொண்டு, காப்பை அவிழ்க்காமலே வீட்டுக்கு நடந்தார்.