பெட்ரோல் டேங்கில் வைக்கோல்

மிக்கேல்ராஜ்: ...ஆக்சிலேட்டர அழுத்துனா வண்டி திக்குது, அப்பிடித்தானே தம்பி?

மதிவாணன்: ஆமாண்ணே. கோட்டூர் தாண்டுனதுலேர்ந்து நாப்பதுக்கு மேல ஏற மாட்டேங்குது. மன்னார்குடி வந்து உங்க பட்டறையப் பாத்ததும்தான் உசுரு வந்துச்சு.

பிரகதீஸ்வரி: சீக்கிரம் பாருங்கண்ணே. நாலு மணிக்குத் திருச்சியில இவங்களுக்கு சிங்கப்பூர் ஃப்ளைட்டு. லீவு முடிஞ்சுது. நாளைக்குச் சேரலன்னா வேலையே போயிடும்.

மதிவாணன்: நீங்க பொறுமையாவே பாருங்கண்ணே.

பிரகதீஸ்வரி: பொறுமையாவா! மணி பத்தாவுது. மாமியார் வீட்டு விருந்துக்கா போறீங்க?

மிக்கேல்ராஜ்: சண்டைய அப்பறம் வச்சுக்கங்க. பெட்ரோல் அழுத்தம் பாக்குற கேஜ் மாட்டிட்டேன், ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி... ம்ம்... ஒண்ணரைதான் காட்டுது. மூணு காட்டணும்.

மதிவாணன்: என்னண்ணே அர்த்தம்?

மிக்கேல்ராஜ்: இஞ்சினுக்குப் பெட்ரோல் வேகமா வந்து சேரலைன்னு அர்த்தம். திரும்பிப் போற பைப்ப நசுக்கிப் பாக்குறேன்... ஊகூம், ஏறல. அப்ப அழுத்தத்தச் சீரா வைக்கிற ரெகுலேட்டர் மேல தப்பில்ல. ஃபில்டரையும் ஊதிப் பாத்துட்டேன், நல்லாத்தான் போவுது. கோளாறு டேங்க்குக்குள்ள. பின்சீட்டத் தூக்கணும்.

பிரகதீஸ்வரி: டேங்க்கையா? அது எதுக்குண்ணே... பேசாம ஒரு வாடகைக் கார் புடிச்சிடலாமேங்க?

மதிவாணன்: அதெல்லாம் வேணாம். திருச்சியிலேர்ந்து வண்டிய ஓட்டிட்டு வர உன் தம்பி அங்க காத்துக்கிட்டு இருப்பான். நீங்க தூக்குங்கண்ணே.

மிக்கேல்ராஜ்: அட கர்த்தாவே!

மதிவாணன்: என்னண்ணே?

மிக்கேல்ராஜ்: பம்பு அடியில இருக்குற சல்லடைய அடைச்சுக்கிட்டு... வைக்கோல்! முப்பது வருசத் தொழில்ல டேங்க்குள்ள வைக்கோல நான் பாத்ததே இல்ல.

மதிவாணன்: வைக்கோலா? வண்டி நம்ம கொட்டாயிலதானே நின்னுச்சு? எந்தப் பய மூடியத் தொறந்தான்? ஈஸ்வரி... என்ன, கீழயே பாத்துக்கிட்டு நிக்கிற?

பிரகதீஸ்வரி: நான்தான் தொறந்தேன். டியூப்பு விட்டு உறிஞ்சுனேன்.

மதிவாணன்: எதுக்கு?

பிரகதீஸ்வரி: கதிர் வர்ற நேரத்துல வாய்க்கால்ல தண்ணி நின்னுபோச்சு. பக்கத்து வயலு அகிலாண்டம் அக்கா பெட்ரோல்ல ஓடுற பம்புசெட்டக் குடுத்துச்சு. திருத்துறைப்பூண்டி பங்க்குல பெட்ரோல் வாங்கிட்டு வந்தா, கேனோட பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டான் கண்டக்டர். நடந்தே வந்தேன். மறுநாளே அது தீந்துபோச்சு, நம்ம வண்டிதான் கண்ணுல பட்டுச்சு.

மிக்கேல்ராஜ்: அது சரி, வைக்கோல் எப்படிம்மா?

பிரகதீஸ்வரி: டியூப்பு நழுவிக்கிட்டே இருந்துச்சுண்ணே. மடை அடைக்கிற மாதிரி டேங்க் வாயில ஒரு பிரி வைக்கோலச் சுருட்டிச் சொருகினேன். பாதி உள்ள போயிட்டு போலருக்கு.

மதிவாணன்: மழை பெஞ்சு பயிரு பொழைச்சுதுன்னியே?

பிரகதீஸ்வரி: மழை எங்கங்க பெஞ்சுது? குட்டைத் தண்ணிய இறைச்சு ஊத்துனேன். நீங்கதான் போன்ல, "தரிசாக் கெடக்கட்டும், கஷ்டப்படாத"ன்னீங்க. எனக்கு மனசு கேக்கல. திட்டுறதுன்னா திட்டுங்க.

மதிவாணன்: திட்டுறதா? பத்தாயத்துல நெல்லு ரொம்பிக் கெடக்கேன்னு வந்த அன்னிக்கே ஐயனாருக்குச் சூடம் ஏத்துனேன்டி. உன்னையில்ல கும்புட்டிருக்கணும்!

பிரகதீஸ்வரி: அய்ய... அண்ணன் நிக்கிறாரு, சும்மா இருங்க.

மிக்கேல்ராஜ்: நான் ஒண்ணும் பாக்கல. கழுவி மாட்டியாச்சு. ஸ்டார்ட் பண்ணுங்க... மூணு! அசையாம நிக்குது பாருங்க. ஒரு மணிக்கெல்லாம் திருச்சி போயிடலாம்.

பிரகதீஸ்வரி: நீங்க நல்லா இருக்கணும்ண்ணே! வேளாங்கண்ணி வந்து உங்க பேருக்கு மெழுகுவத்தி ஏத்துறேன். கெளம்புங்க, கெளம்புங்க... ஏங்க, ஏன் ஊர்ப்பக்கம் திருப்புறீங்க? ஃப்ளைட்டு போயிடுங்க!

மதிவாணன்: ஃப்ளைட்டு இல்ல ஈஸ்வரி. கம்பெனிய மூடிட்டு எங்க எல்லாரையும் போன மாசமே அனுப்பிட்டாங்க... உன்ன ஏர்போர்ட் வாசலோட அனுப்பிட்டு, மெட்ராஸ் பஸ் ஏறி ஏதாவது வேலை தேடலாம்னு கெளம்புனேன். மழைய நம்பி இனிமே உழுது பொழைக்க முடியாதுன்னு நெனச்சேன், நீ மழையே இல்லாம வயலப் பொழைக்க வச்சிருக்க. ஏறு, வீட்டுக்குப் போவோம்.