குனியாமல் உள்ளே போக ஒரு வழி

டீ வேண்டாம் ஐயா. உட்கார நாற்காலி கொடுத்தீர்களே, அதுவே போதும். இப்படி உட்கார்ந்து வெகு நாளாயிற்று.

பொம்மை ரயில் என்று நீங்கள் சொல்வது அண்ணன் காதில் விழுந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அறையின் நாலு பக்கமும் இடுப்பு உயரத்துக்குப் பலகை, அதன்மேல் தண்டவாளம். வாசலையும் மறித்துத்தான் பலகை ஓடும். நடுவில் அண்ணனின் நாற்காலி. உள்ளே போக, பலகைக்கு அடியில் தவழ வேண்டும். அண்ணனுக்கு முட்டி தேய்ந்துபோயிற்று.

"தம்பி, குனியாம போற மாதிரி ஏதாச்சும் பண்ணுடா" என்றார். நான் தச்சன். வாசல் பலகையை அறுத்துக் கீல் வைத்து, தூக்கித் திறக்கும்படி செய்தேன். உள்ளே மலையும் சுரங்கமும் இடத்தை அடைத்திருந்ததால் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்தேன். அதில் சூது எதுவும் இல்லை.

முதல் வாரமே, வண்டி ஓடும்போது தெரியாமல் தூக்கிவிட்டேன். எஞ்சின் தரையில் விழுந்து நொறுங்கியது. ஒரு மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. பிறகு சட்டம் போட்டார்: "வண்டி ஸ்டேஷன்ல வந்து நிக்காம பலகையைத் தூக்காதே. வீடே பத்தி எரிஞ்சாலும் சரி."

பதினோரு வருடம் அவருக்குக் காலுக்குச் செருப்பாய் உழைத்தேன். தண்ணீர், மாத்திரை, தலையணை என்று நாளைக்கு இருபது தடவை "தம்பி". "உங்க அண்ணனையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று என் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியில் ஒரு கம்பி தளர்ந்திருந்தது. அதைச் சரிசெய்து, வாசலில் நின்று வண்டியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் உள்ளே இருந்தார்.

"தம்பி, நெஞ்சை அடைக்குது. பலகையைத் தூக்கு."

மாத்திரை என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

"வண்டி ஓடுதுண்ணே."

"நாசமாப் போச்சு வண்டி. தூக்குடா."

ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் வேகத்தைக் குறைத்தேன். வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்து சுரங்கத்துக்குள் போயிற்று. அண்ணன் பலகையைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தார். முட்டி விடவில்லை. அப்புறம் அவர் கூப்பிடவில்லை. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தூக்கம்கூட வந்தது.

வண்டியை அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தியிருக்கலாம். தெரிந்துதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பலகையைத் திறக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. வண்டி ஸ்டேஷனுக்கு வந்து நின்றதும் திறந்தேன். ஒரு பெட்டிகூடக் கீழே விழவில்லை.