பத்தாம் தேதிக் கையெழுத்து

அவைக்கு அழகு சேர்க்கும் வேன் ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, ஸ்டியரிங் பிடித்துக் கை காய்த்த மூத்தோரே, பிள்ளைகளை வண்டியேற்றிவிட்டு வாசலிலேயே நிற்கும் தாய்மார்களே, முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அமர்ந்து என்னை இப்போதே கேலியாகப் பார்க்கும் கல்லூரித் தங்கையே, உங்கள் அனைவருக்கும் இந்த மெக்கானிக்கின் கிரீஸ் படிந்த கரங்கள் குவிந்த வணக்கம்.

நம் வேன் அக்கா தினமும் காலையில் கல்லூரி வளைவில் இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்துவார். நிறுத்தக் கூடாத இடம். மூன்று முறை பிடித்தார்கள். நான்காம் முறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது: 'உரிமத்தை ஏன் ஆறு மாதம் முடக்கக் கூடாது? பன்னிரண்டாம் தேதி நேரில் விளக்கம் தருக.' போனார். பொழுதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்தார். "உத்தரவு தபால்ல வரும், கிளம்புங்கம்மா" என்றார் எழுத்தர். உத்தரவும் வந்தது. 'நேரில் கேட்டோம், விளக்கம் ஏற்புடையதாக இல்லை.' வாயே திறக்காதவர் என்ன விளக்கம் சொன்னார்? அடியில் அதிகாரியின் கையெழுத்து. அதன் கீழே தேதி, பத்து!

பின்வரிசையில் சிரிப்பது யார், டயர் கடை மாமாவா? சிரியுங்கள், நானும் சிரித்தேன். வேலை மிச்சம் பிடிக்க, நோட்டீஸ் அடிக்கும்போதே உத்தரவையும் அடித்து, ஒரே கட்டாகக் கையெழுத்துக்கு வைப்பது அந்த அலுவலக வழக்கமாம். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "ஆறு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருக்கா, அரசாங்கத்தோட மல்லுக்கட்ட முடியுமா?" என்றவன் நான்தான். அக்கா சொன்னார்: "தப்புப் பண்ணினேன்னே வெச்சுக்கோ தம்பி. ஏன் பண்ணினேன்னு ஒருத்தராவது கேக்கணும்ல?" வண்டி முடங்கியது, வருமானம் முடங்கியது, வாய் முடங்கவில்லை. வழக்குத் தொடுத்தார்.

நீதிபதி கேட்டார்: "பன்னண்டாம் தேதி அவங்க என்ன சொல்வாங்கன்னு பத்தாம் தேதியே எப்படிங்க தெரிஞ்சுது?" அரசு வழக்கறிஞர் கோப்பை முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார், பிறகு தண்ணீர் குடித்தார். உத்தரவு ரத்து. முதலில் கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள் என்றது தீர்ப்பு.

கேட்டார்கள். அக்கா சொன்னார்: "அந்த வளைவுல மட்டும்தான் சார் நடைபாதை சரிவா இறங்குது. வேற எங்க நிறுத்தினாலும் என் வண்டியில வர்ற காலேஜ் பொண்ணோட சக்கர நாற்காலி நடைபாதையில ஏறாது. நான் வண்டி எடுக்காத நாலு மாசமும் அவ காலேஜுக்கே போகல."

அதே அதிகாரி வளைவுக்கே வந்தார். வேறு இரண்டு இடங்களில் நாற்காலியைத் தாமே தள்ளிப் பார்த்தார். ஏறவில்லை, வியர்த்ததுதான் மிச்சம். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"அன்னிக்கு நீங்க கேக்கலையே சார்."

காகிதம் கண்டு கலங்கலாமா நாம்? முத்திரை கண்டு முடங்கலாமா? வந்த தாளைப் புரட்டுங்கள், போட்ட தேதியைப் பாருங்கள். நம் பக்கம் என்ன என்று கேட்காமல் நம்மைத் தண்டிக்க எந்த நாற்காலிக்கும் உரிமை இல்லை. நம் பக்கத்தைச் சொல்லும் உரிமை நமக்கும் உண்டு என்று ஒரு வேன் ஓட்டுநர் நிரூபித்தார் என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உரிமம் இதோ அக்காவின் கையில். வளைவில் நேற்றுப் புதுப் பலகை நட்டிருக்கிறார்கள்: 'சக்கர நாற்காலியில் வருவோர் இறங்குமிடம். இரண்டு நிமிடம்.' நாளை காலை எட்டு மணிக்கு அங்கே முதலில் நிற்கப்போவது அக்காவின் வண்டி. தங்கையே, தாமதிக்காமல் கிளம்பி நில். பிரேக்கை நான் பார்த்துவிட்டேன்.

இவ்வளவு நேரம் என் சத்தத்தைப் பொறுத்த உங்களுக்கு நன்றி. துணிந்து நின்ற அக்காவுக்கு என் முதல் வணக்கம், உங்களுக்கு நிறை வணக்கம்.