சளி டப்பா

வேண்டாம் டாக்டரம்மா, அந்த வைட்டமின் பாட்டில அப்படியே உள்ள வைங்க. ஏழு வருஷமா நீங்க குடுத்த பாட்டிலெல்லாம் எங்க வீட்டுப் பலகையில வரிசையா நிக்குது. கோழிக்குப் போட்டேன், கோழிகூடச் சீண்டல. எனக்கு வேண்டியது மூடி போட்ட சின்ன டப்பா. சளி துப்பிக் குடுக்கறது. ஆமா, அதேதான். அது கெடைச்சா எந்திரிச்சுப் போயிடறேன்.

கார்டுல என்ன போட்டிருக்கு? டொமிட்டிலா, அம்பத்திரண்டு வயசு, போன வருஷம் சளி டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணுமில்ல. தெரியும், தெரியும். போன வருஷம் எடுத்தா இந்த வருஷம் எடுக்கக் கூடாதா? ஓ, ஊருக்கு எட்டு டப்பாதானா. ஏழு போயிடுச்சா. டூத்பிரஷ் மட்டும் மூணு மூட்டை எறக்குனீங்களே! பல்லே இல்லாத ஃபிலோமெனா கையில ரெண்டு பிரஷ் வச்சிட்டுப் போறா, பாத்தீங்கல்ல?

கோவிச்சுக்காதீங்க. உங்க மேல எனக்கென்ன, நீங்க புதுசு. நெஞ்சுல ஹோண்டுராஸுக்கு அன்புடன்னு எழுதின பனியன் போட்டுக்கிட்டு, வண்டிய விட்டு எறங்குனதும் எங்க தோள்ல கை போட்டு போட்டோ எடுத்தீங்க. நானும் பல்லக் காட்டிட்டு நின்னேன். இந்த ஏழு வருஷத்துல என் மூஞ்சி உங்க ஊர்ல எத்தன சொவத்துல தொங்குதோ. நாலு நாள் வந்து ஊரக் காப்பாத்திட்டுப் போயிடறீங்க, மிச்ச நாளெல்லாம் நாங்க சும்மா உயிரோட இருக்கறோம்.

ஒண்ணு கேக்கறேன். அதென்ன வருஷா வருஷம் பிப்ரவரில வர்றது? ரோடு காஞ்சிருக்கும், அதானே. ரோடு காயறப்பதான் காபிப் பழமும் பழுக்குது, அத உங்கள்ல ஒரு ஆளாவது யோசிச்சீங்களா? பழம் பறிக்கறவன், பறிச்சுப் பறிச்சு ஒடம்பு போனவன், அத்தன பேரும் இப்ப மேல தோட்டத்துல இடுப்புல கூடையக் கட்டிட்டு நிக்கறான். ஒரு நாள் வரலைன்னா மேஸ்திரி மறுநாள் வேற ஆள வச்சுக்குவான். அப்ப இங்க வரிசையில நிக்கறது யாரு? ரொட்டி சுட்டு வீட்டப் பாத்துக்கற எங்கள மாதிரி ஆளுங்க.

இதுல சட்டம் வேற. நோயாளி நேர்ல வந்தாத்தான் மருந்து. வீட்டுக்கு ஒரே ஒரு டோக்கன். ரொம்ப நல்ல சட்டம். எந்தப் புண்ணியவான் போட்டதோ!

அதனால நாங்க என்ன பண்றோம்னு உங்களுக்குத் தெரியாதா? நெஜமாவே தெரியாதா? அட கடவுளே. எனக்கு முன்னாடி ஃபிலோமெனா என்ன சொன்னா? முட்டி வலி, இடுப்புப் பிடிப்பு, நீர்க்கடுப்பு. முட்டி அவ புருஷனோடது. இடுப்பு தம்பியோடது. கடுப்பு மருமகளோடது. அவ கல்லு மாதிரி இருக்கா. நீங்க அந்த முட்டியத் தட்டித் தட்டிப் பாக்கறீங்க, அவ ஐயோ ஆத்தான்னு நெளியறா. நான் பெஞ்சுல உக்காந்து உதட்டக் கடிச்சிட்டிருந்தேன். நீங்க வர்றதுக்கு மொத நாளே ஆத்துல துணி தொவைக்கறப்ப பேசி வச்சுக்குவோம், யாரு எத மொதல்ல சொல்றதுன்னு. எல்லாரும் ஒரே வியாதியச் சொன்னா நீங்க முழிச்சுக்குவீங்கல்ல.

எழுதறீங்களா? எழுதிக்கோங்க, போங்க. உங்க நோட்டுல இருக்கற வியாதி பூரா நெசம்தான், ஆளுதான் வேற.

ஆமா, நான் இருமலதான். வந்ததுலேருந்து ஒரு தடவகூட இருமல, நல்லாத்தான் கவனிச்சிருக்கீங்க. போன வருஷம் வந்த தாடிக்கார டாக்டர் அதக்கூடக் கவனிக்கல. ஆனா நல்ல மனுஷன், சொல்லணும். ரெண்டு மாசமா இருமல், சாயங்காலமானா காய்ச்சல், சட்டை நனையற வேர்வை, எடை எறங்கிப்போச்சு, துப்புனா ரத்தம்னு நான் அடுக்கினதும் பதறிப்போயிட்டாரு. என் கன்னத்தப் பாருங்க. இது எடை எறங்கின கன்னமா? அவரு அத கேட்டிருக்கணும்! கேக்கல. டப்பாவ நீட்டி, இங்கயே எம்முன்னாடி துப்பும்மான்னுட்டாரு.

அப்பவே சொல்லியிருக்கலாம். எனக்குப் பின்னாடி நாப்பது பொம்பளைங்க, நாப்பது வாயிலயும் அடுத்தவங்க வியாதி. நான் ஒருத்தி உண்மையக் கக்கினா அத்தன பேருக்கும் மாத்திரை போச்சு. துப்பினேன்.

நான் சொன்ன அந்த இருமல் யாரோடதா? என் வீட்டுக்காரரோடதுதான். கசிமிரோ. அன்னைக்கும் தோட்டத்துல பழம் பறிச்சிட்டிருந்தாரு.

மூணு வாரம் கழிச்சு பாதிரியார் மோட்டார் சைக்கிள்ல காகிதம் கொண்டாந்தாரு. ஒண்ணுமில்லன்னு படிச்சுக் காட்டினாரு. பாத்தியா, வெறும் தூசி இருமல்தான், நீதான் ஊரக் கூட்டுனன்னு கசிமிரோ சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போலாம் போலாம்னு தெனம் நச்சரிச்சவ, அன்னையோட வாய மூடிட்டேன். துப்புனது யாருன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அதுல முத்திரை குத்தியிருந்துச்சு டாக்டரம்மா. பாத்ததும் சந்தோஷமாயிடுச்சு. அந்த சந்தோஷத்த விட மனசு வரல. உங்களயெல்லாம் இந்தக் கிண்டல் பண்றேனே, என்னைய விட முட்டாள் இந்த மலையில இல்ல.

ஜூலையில பொதைச்சோம். நல்ல மழை.

கண்ணத் தொடைங்க. நீங்க அழுதா வரிசை நகராது, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க.

இல்ல இல்ல, எனக்கு எடுக்க வேண்டாம். எனக்குன்னு எழுதினா மறுபடியும் ஒண்ணுமில்லன்னு ஒரு காகிதம் வரும். அந்தக் காகிதம் எனக்கு வேண்டாம்.

எம்மகளுக்கு. பத்தொம்பது வயசு. மூணு வாரமா இருமறா, நேத்து ரொட்டி சுத்தி வைக்கற துணியில ரத்தம் பாத்தேன். டோக்கன அவ கையில குடுத்திருந்தா தலைவலின்னு ரெண்டு மாத்திரை வாங்கிட்டு ஓடியிருப்பா. இருமறான்னு தெரிஞ்சா மேஸ்திரி தோட்டத்துல விடமாட்டான். நீயே எனக்குப் பதிலா இருமிட்டு வாம்மான்னு காலையில கெஞ்சினா. கூடையப் புடுங்கி அடுப்புல வச்சிட்டு இழுத்துட்டு வந்தேன்.

அதோ கதவோரம், சிவப்பு ஸ்வெட்டர், வாயப் பொத்திக்கிட்டு நிக்கறா பாருங்க. எல்வியா. அந்தப் பேர எழுதிட்டுக் கூப்பிடுங்க. நான் கூப்பிட்டா வரமாட்டா, எம்மேல கோவமா இருக்கா.